மேற்கு பார்த்த முகப்பு

வீடு ஃபோனுக்குள்ளே இருக்கிறது என்று ஜைனப் நாச்சியாவுக்கு முதன்முதலில் சொன்னது மகன் சதக்குதான். போன நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், ஹாங்காங்கிலிருந்து பேசும்போது சொன்னான். பெருநாள் சலாம் முடிந்து, யார் யார் வந்தார்கள், வட்டலப்பம் நன்றாகத் திரண்டதா என்ற விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, "உம்மா, ஒண்ணு அனுப்பியிருக்கேன், தங்கச்சியைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ" என்றான். மகள் ஸஃபிய்யா தன்னுடைய ஃபோனை அவள் மடிப்பக்கம் நீட்டினாள். உள்ளே ஒரு தெரு. ஆளில்லாத தெரு, மஞ்சள் வெயில், ஒரு சைக்கிள், ஒரு ஆடு. தெருவைக் கண்டதும் ஜைனப் நாச்சியாவின் கை தானாகப் போய்த் தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டது. மனசு யோசிப்பதற்கு முந்தி கை செய்துவிட்டது, தெரு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். "படம்மா அது, அது உங்களைப் பார்க்காது" என்று ஸஃபிய்யா சிரித்தாள். அவள் விரலால் தள்ளத் தள்ளத் தெரு நகர்ந்து வந்து ஒரு வீட்டுக்கு முன்னால் நின்றது. வெளிறிய பச்சைச் சுவர். மாடி விளிம்பு முழுக்கச் சுண்ணாம்புக் கொடி ஓடி, நடுவில் திராட்சைக் கொத்து மாதிரி ஒன்று தொங்கியது. வாசல் கதவுக்கு மேலே பாதி நிலா வடிவில் கண்ணாடி, விரித்த விசிறி போல, சிவப்பும் நீலமும் பச்சையுமாக. "மாஷா அல்லாஹ்! யாரு வீடும்மா இது, இவ்வளவு லட்சணமா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். ஃபோனுக்கு அந்தப் பக்கம் சதக்கு விழுந்து விழுந்து சிரித்தான், இந்தப் பக்கம் மகளும் சிரித்தாள். "உம்மா" என்றான் அவன், குரலை இறக்கி. "அது உங்க வீடும்மா."

அதைத்தான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அஸர் தொழுதாகிவிட்டது, தொழுகைப் பாயை மடக்கவில்லை, தஸ்பீஹ் மணி கையில் ஓடுகிறது, சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ், விரல் நகர்கிறது, நினைப்பு நகராமல் அந்தப் பச்சைச் சுவரிலேயே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே அடுக்களையில் ஸஃபிய்யா தேயிலைக்குத் தண்ணீர் வைக்கிற சத்தம். வேலையெல்லாம் சாக்கு, பதிலுக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று தாய்க்குத் தெரியாதா. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "உம்மா, நான் இந்தத் தெருப் படம் போட்ட கம்பெனிக்கு எழுதப்போறேன். நம்ம வீட்டை மறைக்கச் சொல்லி. வீட்டுக்காரங்க கேட்டா மறைச்சிருவாங்களாம். எல்லாம் நிரப்பி வச்சிட்டேன், அமுக்க வேண்டியதுதான் பாக்கி" என்றாள். அமுக்கேன், என்னிடம் என்ன கேள்வி என்று இவள் சொன்னதற்கு, "ஒரு தடவை மறைச்சா மறைச்சதுதானாம். அப்புறம் நாமளே கெஞ்சினாலும் திரும்ப வராதாம். அதனால உங்க வாயால சொல்லணும். நீங்க சொல்லாம அமுக்க மாட்டேன்" என்றாள். மரியாதை தெரிந்த பிள்ளை. வீடு இப்போது மகள் பெயரில்தான் இருக்கிறது; நிக்காஹ் அன்றைக்கே எழுதிக் கொடுத்தாயிற்று, காயல்பட்டினத்தில் வழக்கம் அதுதான், வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், ஆண்பிள்ளை கல்யாணம் முடிந்தால் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். துபாயில் இருக்கிற மாப்பிள்ளைகூட, "உன் வீடு, உன் இஷ்டம், என்னை ஏன் கேக்குறே" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனாலும் இந்தப் பிள்ளை தாயின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சொல்லிவிடலாம்தான். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ். சொல்லிவிடலாம். ஆனால் சதக்கு? மணி அங்கேயே நின்றுவிட்டது.

அந்தப் படத்தில் கதவு திறந்திருக்கிறது, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். வாசற்படியில் ஒரு பெண் நிற்கிறாள். நீல நைட்டி, தலையில் துணி இல்லை, ஒரு கை நிலையைப் பிடித்திருக்கிறது. கேஸ் சிலிண்டர் வருகிற நேரம், வண்டிச் சத்தம் கேட்டு ஸஃபிய்யா கதவைத் திறந்திருக்கிறாள். வந்தது சிலிண்டர் வண்டி இல்லை, தலையில் கேமராவைச் சுமந்த வேறு ஏதோ வண்டி. பெருநாளுக்கு மறுநாள் பார்த்தபோது அது பெரிதாகத் தெரியவில்லை. முகத்தை அவர்களே மறைத்திருந்தார்கள், தண்ணீரில் கரைந்த மாதிரி. ஜைனப் நாச்சியாவுக்கு அதில் ஒரு ஆச்சரியம்கூட. எந்த ஊர்க்காரனோ, எந்த மார்க்கக்காரனோ, ஒரு பெண்ணின் முகத்தை உலகத்துக்குக் காட்டக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறதே, தெருவில் நின்ற மோட்டார் சைக்கிளின் நம்பரைக்கூட மறைத்திருக்கிறானே, அல்லாஹ் அவனுக்கு நல்ல புத்தியைக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஆட்டின் முகத்தை மட்டும் விட்டுவிட்டான். "ஆட்டுக்கு மானம் கிடையாதாக்கும்" என்று அன்றைக்கு ஸஃபிய்யாவே கேலி பண்ணினாள். பிறகுதான் அந்தக் கல்யாண வீடு. பெண்கள் பந்தியில், சுற்றிலும் இத்தனை பேர் இருக்க, தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி, ரஹ்மத் என்று பெயர், சஹன் தட்டில் கையை வைத்துக்கொண்டே, "என்னட்டி ஸஃபிய்யா, உன்னை ஃபோன்ல பார்த்தேனே! வாசல்ல நிக்கிறே, நீல நைட்டி, முடி இவ்வளவு நீளமா! என் மருமகன்தான் காட்டுனாரு" என்றாள். முகம் மறைந்தால் ஆள் மறைந்துவிடுமா? அது எந்த வீடு என்று தெரியும், அந்த வீட்டில் இருக்கிற ஒரே இளம்பெண் யார் என்று தெரியும், வேறு என்ன வேண்டும். ஸஃபிய்யா சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாள், "முகத்தைத்தான் மறைச்சாங்க லாத்தா, உங்க மருமகன் கண்ணை மறைக்கலையே" என்று. பந்தியே சிரித்தது. ரஹ்மத் முகம் சோற்றுக்குள் போய்விட்டது. நல்ல அடி, தாய்க்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து ஸஃபிய்யா அந்த நீல நைட்டியைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டாள். அன்றிலிருந்து வாசல் கதவைத் தானாகத் திறப்பதில்லை. பெல் அடித்தால் ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு பார்வை, அப்புறம் தலையில் துணி, அப்புறம் இன்னொரு பார்வை. சிலிண்டர்காரர் வெளியே நின்று சலித்துக்கொள்கிறார். முந்தி சாயங்காலமானால் அந்தப் படியில் நின்று காற்று வாங்குவாள், மேல்காற்று நேரே வருகிற வாசல் அது. இப்போது நிற்பதில்லை. வண்டி என்றைக்கோ வந்தது, என்றைக்கோ போய்விட்டது, ஆனால் பிள்ளைக்கு அது இன்னும் வாசலிலேயே நிற்கிறது. அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர். தன் வீட்டுப் படியில் தான் நிற்க முடியாத பிள்ளையிடம், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று எந்த வாயால் சொல்வது.

கண்ணாடி விசிறியின் நிறங்கள் தரையில் இறங்கிவிட்டன. அஸருக்கு அப்புறம் தினமும் இறங்கும். முதலில் கதவோரம் கிடக்கும், பிறகு மெல்ல மெல்ல நீண்டு வந்து தொழுகைப் பாயின் விளிம்பைத் தொடும், சிவப்பு ஒரு துண்டு, நீலம் ஒரு துண்டு. கல்யாணமான நாளிலிருந்து இவற்றை அறிவாள். சின்னப் பிள்ளையில் சதக்கு இந்த நிறத்தைக் கையால் அள்ளி வாயில் போடப் பார்ப்பான். ஆனால் இந்த நிறத்தையெல்லாம் உள்ளே அனுப்புகிற கண்ணாடி வெளியிலிருந்து பார்த்தால் விசிறி மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இதோ எதிரே இருக்கிறதே, இந்த மேற்குச் சுவர், கிப்லா அந்தப் பக்கம்தான் என்பதால் இத்தனை காலமும் இந்தச் சுவரைப் பார்த்துத்தான் கைகட்டித் தொழுதிருக்கிறாள். சுவரின் முதுகை மனப்பாடமாகத் தெரியும், எந்த இடத்தில் சுண்ணாம்பு பொருக்குத் தட்டும், எந்த இடத்தில் பல்லி இருக்கும் என்று. அதன் முகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பாள். பார்த்ததே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, தர்காவுக்கு ஸியாரத்துக்குப் போகும்போது, கார் கிளம்புகிற அவசரத்தில் திரைக்குள்ளிருந்து ஏதோ பச்சையாக ஓடி மறையும். நின்று பார்த்ததில்லை. எங்கே நிற்பது? போக்குவரத்தெல்லாம் பின்பக்கத்து முடுக்கில்தானே. வீடுகளின் முதுகோடு முதுகாக ஓடுகிற அந்தக் குறுகல் சந்து பெண்களுக்கு மட்டுமானது, ஆண்கள் அதற்குள் கால் வைக்க மாட்டார்கள், ஒரு வீட்டுப் பின்கதவிலிருந்து இன்னொரு வீட்டுப் பின்கதவுக்கு, கல்யாணத்துக்கு, மௌத்துத் துக்கத்துக்கு, ஒரு கிண்ணம் குழம்பு கொடுக்க, எல்லாம் அந்த வழியாகத்தான். வாப்பா இந்த வீட்டைக் கட்டியபோதும் அவள் மூன்று வீடு தள்ளிப் பழைய வீட்டில் கல்யாணத்துக்கு நிச்சயமான பெண்ணாக அடைந்து கிடந்தாள். வாப்பா நாள் முழுக்கத் தெருவில் குடை பிடித்து நின்று கொத்தனாரிடம் வேலை வாங்கிவிட்டு வருவார். ஒருநாள் சோற்றுக்கு உட்காரும்போது, "முகப்பு முடிஞ்சிட்டும்மா" என்று சொல்லி, காற்றில் விரலால் வரைந்து காட்டினார், இப்படி ஒரு கொடி போகுது, இப்படி வந்து இங்க ஒரு கொத்து. அவள் தலையாட்டினாள். மனசுக்குள் ஒரு சின்னக் கொடியைப் போட்டுக்கொண்டாள், தட்டின் விளிம்பில் இருக்கிற மாதிரி. கல்யாணத்தன்றைக்கும் இந்த வீட்டுக்கு முடுக்கு வழியாக நடந்து வந்து பின்கதவால்தான் நுழைந்தாள். முன்வாசல் வழியாக வந்தது மாப்பிள்ளைதான், பைத்துப் பாட்டும் விளக்குமாக. அவளுக்காகக் கட்டிய முகப்பு, ஊரில் எல்லாரும் பார்த்தார்கள், மீன் விற்க வந்தவர் பார்த்தார், அவள் பார்க்கவில்லை, அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, குறை என்று இப்போதும் சொல்ல மாட்டாள், ஆனால் எவ்வளவு பெரிய கொடி! மாடி விளிம்பு முழுக்க! வாப்பா, அதை நீங்கள் விரலால் இவ்வளவு சின்னதாகக் காட்டிவிட்டீர்களே. யா அல்லாஹ், என் வாப்பாவின் கபுரை வெளிச்சமாக்கி வை. முகம் தெரியாத அந்த வண்டிக்காரனுக்கும் துஆச் செய்யத்தான் தோன்றுகிறது. எல்லா நேரமும் விட்டுவிட்டு மேற்கு வெயில் முகத்தில் அடிக்கிற சாயங்காலத்தில் வந்து எடுத்திருக்கிறானே, சுவரே பொன் பூசின மாதிரி. அதுவும் முடுக்கு வரை வந்தவன் முடுக்குக்குள் வரவில்லை. ஃபோனில் தெருக்களில் எல்லாம் போகலாம், முடுக்கு வாய்க்கு வந்தால் விரல் நின்றுவிடும், உள்ளே போகாது. "பாரேன், என்ன மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்று இவள் சொன்னபோது ஸஃபிய்யா தலையில் அடித்துக்கொண்டாள். "மரியாதை இல்லம்மா, கார் நுழையாது! நம்ம சாச்சியே உள்ளே ஒருக்களிச்சுத்தான் போறாங்க." இருக்கட்டும். நுழையாத வண்டியிலும் நல்ல மனுஷன் இருக்கலாம்.

ஆனால் சதக்கு. திரும்பவும் அங்கேதான் வந்து நிற்கிறது. நேற்று அண்ணனிடம் ஸஃபிய்யாவே சொல்லிவிட்டாள், ஒளிக்கவில்லை. "காக்கா, நான் வீட்டை மறைக்கப்போறேன்." அவன் வாதம் பண்ணவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட லேசாக இருந்திருக்கும். "ஃபோனை உம்மாகிட்ட கொடு" என்றான். "உம்மா, அவ சொல்றது நியாயம்தான். நான் இல்லேங்கலை. ஆனா கேளுங்கோ. கடையை அடைச்சிட்டு ரயில்ல வர்றேன்ல, அப்ப இதைத்தான் திறப்பேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கி, பள்ளிவாசல் தாண்டி, ஐஸ் கடை தாண்டி, நம்ம தெருவுக்குள்ள திரும்பி, விரலாலேயே வீடு வரைக்கும் நடந்து வருவேன். வாசல்ல கொஞ்ச நேரம் நிப்பேன். அதுக்குள்ள என் ஸ்டேஷன் வந்திரும்." அவள் கேட்டாள், அந்தப் படத்தை எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாதா கண்ணு, தங்கச்சி நிற்கிற இடத்தை வெட்டிவிட்டு. "வச்சுக்கலாம்மா. ஆனா அது நிக்கிற படம். அதுல நடந்து வர முடியாதே." அதற்குமேல் அவன் ஒன்று சொன்னான், விளையாட்டாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னான், "ஊருக்கு வந்தாலும் நான் அங்க மாமியார் வீட்லதானே இருக்கேன், உங்க வீட்ல எனக்கு என்ன இருக்கு, இந்தப் படம்தான்." அது இன்னும் தொண்டையில் இருக்கிறது, மீன் முள் மாதிரி, எச்சில் விழுங்கும்போதெல்லாம் இருக்கிறேன் என்று சொல்கிறது. பெண்ணுக்கு வீடு கொடுத்தோம், ஆணுக்கு என்ன கொடுத்தோம் என்று இந்த ஊரில் எந்தத் தாயும் யோசித்ததில்லை, அவனுக்கு அவன் மனைவி வீடு இருக்கிறது, பெரிய வீடு, நல்ல மாமியார், ராஜா மாதிரி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ரயிலில் அவன் விரல் அந்த வீட்டுக்குப் போகவில்லையே. யா ரப்பே, ஒரே கதவு. பிரியத்தோடு பார்க்கிறவன் கண்ணும் அங்கேதான் வந்து நிற்கிறது, ரஹ்மத்தின் மருமகன் கண்ணும் அங்கேதான் வந்து நிற்கிறது. மகனை மட்டும் உள்ளே விடு, மற்றவனை நிறுத்து என்று அந்தக் கதவுக்குச் சொல்ல வழியில்லை. மறைத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று ஸஃபிய்யா வேறு யாருடைய வீட்டையோ காட்டினாள், வேறு ஏதோ ஊரில். தெரு தெளிவாக இருக்கிறது, இந்தப் பக்கத்து வீடு, அந்தப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு பனி மூட்டம். அவன் விரலால் நடந்து நடந்து வந்து அந்தப் பனியில் முட்டி நிற்பான். தாய் வீடு இருந்த இடத்தில் பனி. மௌத்தான வீடு மாதிரி. அஸ்தக்ஃபிருல்லாஹ், ஏன் இப்படியெல்லாம் நினைப்பு போகிறது.

நீலத் துண்டு பாயில் ஏறிவிட்டது. முழங்கால் பக்கம் வந்துவிட்டது. மணி எந்த இடத்தில் விட்டது என்று தெரியவில்லை, முதலிலிருந்து ஆரம்பித்தாள். சுப்ஹானல்லாஹ். பனி மூட்டம் என்று ஏன் நினைக்க வேண்டும்? வெள்ளையாகத்தானே இருந்தது. வெள்ளையாக, உடம்பு தெரியாமல், உள்ளே ஆள் இருப்பது மட்டும் தெரிகிற மாதிரி. அது துப்பட்டி இல்லையா? அவளும்தான் அந்தக் காலத்தில் வெளியே கிளம்பினால் தலை முதல் கால் வரை வெள்ளைத் துப்பட்டி போர்த்துக்கொண்டு போனாள், அவள் உம்மாவும் அப்படித்தான் போனார்கள், அதற்குள்ளே இல்லாமல் போனார்களா என்ன. வீடும் தெருவுக்கு வந்தால் ஒரு துப்பட்டி போட்டுக்கொள்ளட்டுமே. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அசைந்தால் ஓடிவிடும் என்பது போல. சதக்குக்கு நாலைந்து வயது இருக்கும், தர்காவில் கந்தூரி நாள், பெண்கள் கூட்டம், எல்லாரும் வெள்ளை, எல்லாரும் ஒரே துணி, ஒரே உயரம். பிள்ளை கைநழுவிப் போய்விட்டது. அவள் பதறிப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட வாய் வராமல் நிற்க, அந்தப் பிள்ளை அந்த வெள்ளைக்கெல்லாம் நடுவே புகுந்து, ஒருத்தியையும் நிமிர்ந்து பார்க்காமல், யாரையும் கேட்காமல், நேரே வந்து இவள் துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, ஐஸ்" என்றது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, கண்டுபிடிக்கணுமா என்கிற மாதிரி பார்த்தான். அல்ஹம்துலில்லாஹ். அவனுக்குத் தெரியும். ஐஸ் கடை தாண்டித் திரும்பினால் வெள்ளையாக நிற்பது யார் என்று அவனுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத்தான் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வலிக்கத்தான் செய்யும். அவனிடம் இன்று இரவே தானே பேச வேண்டும், ஸஃபிய்யா வாயால் அவன் கேட்கக் கூடாது. இந்த முறை ஊருக்கு வந்தால் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து தங்கு, மாடி அறை பூட்டித்தானே கிடக்கிறது, ஊர் என்ன சொன்னால் என்ன, உன் மாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதை அவன் அந்தப் படத்தைக் காட்டிய அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பரவாயில்லை, இப்போதாவது தோன்றியதே.

ஸஃபிய்யா தேயிலையோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஃபோன் அவள் மடியில் கவிழ்ந்து கிடந்தது. கேட்காமலே இருக்கிறாள் பாரேன், எத்தனை பொறுமை இந்தப் பிள்ளைக்கு, பந்தியில் அப்படிப் பேசின அதே வாய்தானா இது. தாய் மகளின் முடியைத் தொட்டாள், நீளமான முடிதான், கண் பட்டுவிடக் கூடாது. "அமுக்கிரு கண்ணு" என்றாள். "உன் வீடு, உன் வாசல். நான் மனசறிஞ்சு சொல்றேன்." ஸஃபிய்யா நிமிர்ந்து பார்த்தாள். "காக்கா வருத்தப்படுவாங்கம்மா." "வருத்தப்படுவான். நான் பேசிக்கிறேன். அவனுக்கு வீடு எங்கே இருக்குன்னு நீயும் நானும் சொல்லியா தெரியணும்?" ஸஃபிய்யா ஃபோனைத் திருப்பினாள், விரல் அதன் மேலே வந்து நின்றது, நின்றபடியே இருந்தது. "உங்களுக்கும்தானேம்மா இனிமே ஃபோன்ல வீடு தெரியாது" என்றாள் மெதுவாக. "அன்னைக்கு யாரு வீடுன்னு கேட்டியளே. அதுக்கப்புறம் எத்தனை தடவை என்கிட்ட ஃபோனை வாங்கிப் பார்த்திருக்கிய, எனக்குத் தெரியாதா?" தாய்க்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது, இரண்டையும் மறைக்கவில்லை. தஸ்பீஹ் மணியைப் பாயின் மேல் வைத்தாள். மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, வெளியே வெயில் இருக்கிறது, சுவரின் அந்தப் பக்கம் இப்போது நல்ல வெயில் இருக்கும். "நீ அதை அமுக்கு. அமுக்கிட்டு எந்திரி. முன்வாசல் வழியா என்னைக் கூட்டிட்டுப் போ. எதிர்த்த வீட்டுச் சுவரோரமா நின்னு கொஞ்ச நேரம் பார்த்துட்டு வந்திருவோம், நீயும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நில்லும்மா."